நாற்பது லட்சம் எங்கிருந்து வரும்? ராமநாதபுரம் கடற்கரையில் வளரும் ஒரு நிறுவனத்தின் முன்னால் உள்ள வழிகள்

வியாபாரம் படுத்தால் பணம் முட்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வியாபாரம் நன்றாக வளரும்போதும் பணம் முட்டும் என்பது பலருக்கு வளர்ந்த பிறகுதான் தெரிகிறது. மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி பக்கம் நண்டு, கணவாய், இறால் வாங்கிச் சுத்தம் செய்து, பதப்படுத்தி அனுப்பும் சிறு நிறுவனங்களின் கணக்கைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: லாபக் கணக்கு நன்றாக இருக்கும்போதே சம்பளத்துக்குப் பணம் தேடி அலைந்த நிறுவனங்கள் இங்கே உண்டு. எந்த வழியில் பணம் திரட்டுவது என்ற முடிவை அவசரத்தில் எடுப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

ஒரு நிறுவனத்தை வைத்துப் பேசலாம். பெயர் வேண்டாம், கணக்கு மட்டும் போதும். மாதம் 40 லட்சம் ரூபாய்க்கு கரையில் சரக்கு வாங்குகிறது. 48 லட்சத்துக்கு விற்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தை விட்டால் வருடத்தில் பத்து மாதம் முழு வியாபாரம், ஆக விற்பனை 4.8 கோடி. எல்லாச் செலவும் போக 5 சதவீதம், அதாவது 24 லட்சம் நிற்கிறது. படகுக்காரர்களுக்கு ஒரு வாரத்தில் பணம் கொடுத்தாக வேண்டும். சரக்கு குளிர்பதன அறையில் சராசரியாக 20 நாள் இருக்கிறது. வாங்குகிற ஏற்றுமதியாளர் 45 நாளில் பணம் அனுப்புகிறார். இருபதும் நாற்பத்தைந்தும் 65, அதில் ஏழு போக 58 நாள். கிட்டத்தட்ட இரண்டு மாதக் கொள்முதல், 77 லட்சம் ரூபாய், எப்போதும் வெளியிலேயே இருக்கிறது.

இப்போது புதிய ஆர்டர் வருகிறது. மாதம் 60 லட்சத்துக்கு வாங்க வேண்டும். அதே 58 நாள் கணக்கில் 1.16 கோடி வெளியே நிற்கும். கூடுதலாகத் தேவைப்படுவது சுமார் 40 லட்சம். ஒரு வருட லாபம் முழுவதையும் போட்டாலும் பற்றாது. இந்த நாற்பது லட்சத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் உள்ளேயே தேடலாம்

வெளியே கை நீட்டும் முன் அந்த 58 நாளைப் பார்க்க வேண்டும். புதிய அளவில் ஒரு நாள் என்பது 2 லட்சம் ரூபாய். பணம் வரும் நாளை 45-லிருந்து 35 ஆக்கினால் 20 லட்சம் விடுபடும். அறையில் சரக்கு இருக்கும் நாளை 20-லிருந்து 15 ஆக்கினால் இன்னொரு 10 லட்சம். முழுதாக நடக்காது, பாதி நடந்தாலே 15 லட்சம். இதற்கு வட்டி கிடையாது.

சீக்கிரம் பணம் கொடுத்தால் அரை சதவீதம் தள்ளுபடி என்று சிலர் பேசி முடிக்கிறார்கள். கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள். புதிய அளவில் வரும் 72 லட்சம் மாத விற்பனையில் அரை சதவீதம் 36,000 ரூபாய், பத்து மாதத்தில் 3.6 லட்சம். 20 லட்சத்தை விடுவிக்க அது வருடத்துக்கு 18 சதவீத வட்டிக்குச் சமம். வங்கியை விட விலை கூடிய பணம். அதைவிட, சரக்கு ஏறிய அன்றே பில் அனுப்புவது, எடை, தரம் பற்றிய தகராறை இரண்டு நாளில் எழுத்தில் முடிப்பது, நாள் கணக்கை ஒப்பந்தத்தில் எழுதுவது ஆகியவை பலன் தரும்.

சட்டமும் துணை நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும், இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இருக்கும் ஒரே பெரிய வாடிக்கையாளர் மேல் யாரும் வழக்குப் போட மாட்டார்கள், அது புரிகிறது. ஆனால் 2023-24 நிதியாண்டு முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்த நாளுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கிற வருடத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்று வருமான வரி விதி வந்துவிட்டது. அதனால் பில்லில் உதயம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) எண்ணை அச்சடித்தால் போதும், வாங்குகிறவரின் ஆடிட்டரே நமக்காகப் பேசுவார். ஒரு எச்சரிக்கை: வாங்கி விற்கும் வெறும் வியாபாரி என்று உதயத்தில் பதிந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. பதப்படுத்துகிற நிறுவனம் உற்பத்தியாளராகவே பதிய வேண்டும்.

உள்ளே தேடுவது என்ற பெயரில் படகுக்காரர் பணத்தை இழுத்தடிப்பதும், நண்டுச் சதை எடுக்கும் பெண்களின் கூலியை அடுத்த வாரம் என்று தள்ளுவதும் நடக்கிறது. அதை ஒரு வழியாகவே நான் எண்ண மாட்டேன். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் வீட்டில் அன்றைய அரிசி அந்தப் பணத்தில்தான் வருகிறது. வியாபாரக் கணக்காகப் பார்த்தாலும், வாரக் கடைசியில் பணம் வராத இடத்துக்கு அடுத்த வாரம் சரக்கு வராது.

ஏற்றுமதியாளர் தரும் முன்பணம்

இந்தக் கரையில் மிக எளிதாகக் கிடைப்பது இதுதான். கையெழுத்தும் அடமானமும் அதிகம் இல்லை. வட்டி இல்லை என்றே சொல்வார்கள். படகுக்காரர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, பிடித்த மீனை அவருக்கே போடுகிற பழக்கத்தின் அடுத்த படி இது. வியாபாரி கம்பெனியிடம், சிறு கம்பெனி பெரிய கம்பெனியிடம்.

வட்டி விலையில் இருக்கிறது. 40 லட்சம் முன்பணம் கொடுத்தவர் சந்தை விலையை விட 2 சதவீதம் குறைத்துத்தான் எடுப்பேன், வேறு யாருக்கும் போடக் கூடாது என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 72 லட்சத்தில் 1.44 லட்சம். பத்து மாதத்தில் 14.4 லட்சம். நாற்பது லட்சத்துக்கு அது 36 சதவீதம். நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கினாலும் வருடத்துக்கு இதே 36 தான். புதிய விற்பனையில் 5 சதவீத லாபமாக வரவேண்டிய 36 லட்சத்தில் 14.4 லட்சம் இப்படிப் போகிறது. இன்னொரு வாடிக்கையாளரைத் தேடும் சுதந்திரமும் அதோடு போகிறது.

அப்படியானால் முன்பணமே வேண்டாமா? நிபந்தனையோடு வாங்கலாம். குறிப்பிட்ட ஆர்டருக்கு மட்டும், அந்தச் சரக்கின் பில்லிலேயே கழிந்துவிடும்படி, விலை அன்றைய ஏல விலையை ஒட்டி என்று எழுதி வாங்கினால் அது நல்ல பணம். சுழன்றுகொண்டே இருக்கும் முன்பணம்தான் ஆளைக் கட்டிப் போடுகிறது.

வங்கியின் கேஷ் கிரெடிட்டும் ஜூன் 15-உம்

கேஷ் கிரெடிட் என்பது, வங்கி வைத்த உச்ச அளவுக்குள் (லிமிட்) தேவைப்படும்போது எடுத்து, பணம் வரும்போது கட்டும் கடன். எனக்குப் பிடித்த வழி இதுதான், பெரிய குறையோடு.

ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு வகுத்த கணக்குப்படி, 5 கோடி வரையிலான நடைமுறை மூலதனத்துக்கு (அன்றாட வியாபாரத்தைச் சுழற்றும் பணத்துக்கு), எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் தேவை என்று எடுத்து, அதில் 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதத்தை நாம் போட வேண்டும். நம் நிறுவனத்தின் புதிய விற்பனை 7.2 கோடி. வங்கியின் பங்கு 1.44 கோடி வரை வரலாம், நம் பங்கு 36 லட்சம். வட்டி 11 சதவீதம் என்று வைத்தால் 40 லட்சத்துக்கு முழு வருடமும் எடுத்தாலே 4.4 லட்சம். முன்பணத்தின் 14.4 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எடுத்த நாளுக்கு, எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி. அடமானம் வைக்க நிலம் இல்லாதவர்களுக்கு சிறு தொழில் கடன் உத்தரவாத அறக்கட்டளையின் உத்தரவாதம் உண்டு. 2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 10 கோடி. உத்தரவாதக் கட்டணம் தனி.

குறை எங்கே என்றால், லிமிட் வேறு, எடுக்கக்கூடிய தொகை வேறு. கையில் இருக்கும் சரக்கும் வரவேண்டிய பில்லும் சேர்ந்து எவ்வளவோ, அதில் மார்ஜினை, அதாவது நாம் போட வேண்டிய பங்கை, கழித்து வருவதே டிராயிங் பவர். அதைத்தான் எடுக்கலாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகு போகும், ஆனால் சரக்கு சுருங்கிவிடும். மே மாதம் முழுவதும் பழைய பில்கள் வசூலாகிக் கடன் கணக்கில் ஏறும். அறை காலியாகும். ஜூன் 15 அன்று அனுமதிக் கடிதத்தில் லிமிட் ஒரு கோடிக்கு மேல் இருக்கும், வங்கிக்குக் கொடுக்கும் சரக்குப் பட்டியலான ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் சரக்கு ஒன்றும் இருக்காது. கடலுக்குப் போன படகுகள் நிறைந்து திரும்பும் வாரத்தில், வருடத்திலேயே அதிகப் பணம் தேவைப்படும் நேரத்தில், வங்கியில் எடுக்க முடிவது மிகக் குறைவு.

அந்த முதல் வாரத்தை நகர்த்துவது நாம் போட்ட சொந்தப் பங்குதான். 36 லட்சம் கையில் இருந்தால் சரக்கு வாங்கலாம், ஸ்டேட்மென்ட் கொடுக்கலாம், டிராயிங் பவர் ஏறும், மேலும் வாங்கலாம். இப்படி மூன்று நான்கு சுற்றில் முழு அளவுக்கு வந்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், மே மாதத்தில் அந்தப் பணம் சும்மா கிடப்பது போலத் தெரியும். வியாபாரம் இல்லை, பழைய பாக்கி எல்லாம் வந்துவிட்டது, கடனும் குறைந்திருக்கிறது. அந்த நேரத்தில்தான் புது வண்டி வாங்கத் தோன்றும், தரையில் டைல்ஸ் மாற்றத் தோன்றும், வீட்டுக் கல்யாணத்துக்குக் கைமாற்றுக் கொடுக்கத் தோன்றும். ஜூன் பதினைந்தாம் தேதி பணம் இல்லாமல் முன்பணக்காரரிடம் போய் நிற்பவர்களில் பலர் மே மாதத்தில் செலவழித்தவர்கள். தடைக்காலத்தில் கையில் இருப்பது விதை நெல், அதை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது.

வங்கியிடமும் கேட்க வேண்டியது உண்டு. பருவத் தொழில்களுக்குச் சீசனில் ஒரு லிமிட், சீசன் இல்லாதபோது ஒரு லிமிட் என்று பிரித்துத் தரும் வழக்கம் வங்கிகளில் இருக்கிறது. சீசன் தொடக்கத்துக்குத் தற்காலிகக் கூடுதல் லிமிட்டும் கேட்கலாம். ஆனால் கேட்டால்தான் தருவார்கள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த மேலாளருக்கு 61 நாள் தடையும், வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற பாக் நீரிணை ஏற்பாடும், பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் கொள்முதலே நின்றுவிடும் என்பதும் நாம் சொல்லித்தான் தெரியும். மாதவாரியாக ஒரு பணவரவுத் தாள் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மீனவர்கள் கைதாகி வேலைநிறுத்தம் நடக்கும் வாரங்களுக்கும் அதில் இடம் விடுங்கள்.

பில்லை விற்பது

45 நாள் பில்லை உடனே பணமாக்கலாம். 30 லட்சம் ரூபாய் பில்லுக்கு 10 சதவீத வட்டி என்றால் 45 நாளுக்குச் சுமார் 37,000 ரூபாய். ரிசர்வ் வங்கி அனுமதித்த டிரெட்ஸ் என்னும் இணையத் தளங்களில், ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்றவற்றில், வங்கிகள் நம் பில்லுக்கு ஏலம் கேட்கும். வாங்கியவர் பிறகு பணம் கட்டாவிட்டாலும் அந்தச் சுமை நம் தலையில் விழாது. அந்த ஒரு அம்சத்துக்காகவே இதை நான் கேஷ் கிரெடிட்டுக்கு அடுத்த இடத்தில் வைப்பேன்.

தடை ஒன்றுதான்: வாங்குகிறவர் அந்தத் தளத்தில் இருந்து பில்லை ஏற்றுக்கொள்ள வேண்டும். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் 2025 மார்ச் 31-க்குள் பதிய வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. நம் சரக்கை வாங்கும் தூத்துக்குடி, கொச்சி, சென்னை நிறுவனம் அந்த அளவில் இருந்தால் கேளுங்கள். சிறிய ஏற்றுமதியாளர் என்றால் இந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. ஒரே பில்லை டிரெட்ஸிலும் கொடுத்து, கேஷ் கிரெடிட் ஸ்டேட்மென்ட்டிலும் காட்டக் கூடாது.

நேரடியாக ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு பேக்கிங் கிரெடிட் உண்டு. ஆர்டரைக் காட்டி, சரக்கு ஏறும் முன்பே பணம். வட்டி குறைவு. ஆனால் கப்பல் ஏறவில்லை என்றால் முதல் நாளிலிருந்தே சாதாரண வட்டி போடுவார்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஒரே நாட்டை நம்பினால் என்ன ஆகும் என்று இறால் தொழில் முழுவதும் பார்த்தது. வாங்குகிறவர் கைவிட்டால் ஈடு செய்ய மத்திய அரசு நிறுவனமான இசிஜிசியின் காப்பீடு இருக்கிறது. ஆனால் அது பணம் வராமல் போவதற்கான காப்பு. ஆர்டரே வராமல் போவதற்குக் காப்பு இல்லை. ஏற்றுமதி உரிமத்துக்கு இப்போதுதான் மனுப் போடுகிற நிறுவனம் இதை இரண்டாம் வருடத்தில் யோசித்தால் போதும்.

கீழக்கரைப் பங்கு

வட்டியே வேண்டாம் என்று இருக்கும் குடும்பங்கள் கீழக்கரையிலும் தொண்டியிலும் பெரியபட்டினத்திலும் நிறைய. வளைகுடாவில் சம்பாதித்த பணத்தை ஊரில் ஒரு தொழிலில் பங்காகப் போட விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். வட்டி மறுப்பு உள்ளவர்களுக்கு மட்டுமான வழியாக இதை நினைக்க வேண்டாம்.

40 லட்சம் போட்டு 20 சதவீதப் பங்கு என்று வைப்போம். வருட லாபம் 36 லட்சம் என்றால் அவருக்கு 7.2 லட்சம். பணத்துக்கு 18 சதவீதம். வங்கியை விட அதிகம், கடன் அடைந்தது என்ற நாளும் இதற்கு இல்லை. ஆனால் புயலும் வேலைநிறுத்தமும் சேர்ந்து லாபம் இல்லாத வருடம் வந்தால் கொடுக்க வேண்டியது சுழியம். வங்கி அப்படி விடாது. அதோடு, இது சொந்தப் பணமாகக் கணக்காகும். ஜூன் 15-இல் கையில் இருக்க வேண்டிய பங்கைப் பற்றிச் சொன்னேனே, அந்த இடத்தை நிரப்ப இதைவிடப் பொருத்தமான பணம் இல்லை.

வாய்வார்த்தையில் வைக்காதீர்கள். லாபம் என்று எதைச் சொல்கிறோம், முதலாளி சம்பளம் எடுத்த பிறகா முன்பா, எந்தத் தொகைக்கு மேல் இருவர் கையெழுத்து, பங்குதாரர் விலகினால் எந்த விலையில் எத்தனை தவணையில் திருப்பித் தருவது என்பதெல்லாம் எல்எல்பி (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை) ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நல்ல உறவுகள் முறிந்தது பெரும்பாலும் கடைசி விஷயத்தில்தான். ஊரில் இருபது பேரிடம் இரண்டிரண்டு லட்சம் வாங்கி மாதாமாதம் தொகை தருகிறேன் என்று சொல்வது வேறு. அது 2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும். பங்குதாரர் போடும் மூலதனமும், உறவினர் தரும் கடனும் அதில் வராது.

பெரிய முதலீட்டு நிதிகளைத் தேடுவது நண்டு வியாபாரத்துக்குப் பொருந்தாது. மண்டபம் கடற்பாசியிலிருந்து உரமோ மருந்துப் பொருளோ செய்து விற்க நினைக்கும் நிறுவனத்துக்குப் பொருந்தலாம். வளமாவூரில் கடற்பாசிப் பூங்கா வருகிற சூழ்நிலையில் அந்தத் துறைக்கு இரண்டு மூன்று வருடம் விற்பனை இல்லாமல் காத்திருக்கும் பணம் வேண்டும். அதை வங்கி தராது.

குளிர்பதன அறையைத் தனியாக வையுங்கள்

அளவு கூடினால் அறை பற்றாது என்ற பேச்சு உடனே வரும். 60 லட்சம் செலவு என்றால் அதற்குத் தவணைக் கடன்தான் சரி, ஏழு வருடம் உழைக்கும் சொத்துக்கு ஏழு வருடக் கடன். தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்திலும் கேட்கலாம், வங்கியிலும் கேட்கலாம். தவணையை ஏப்ரல் முதல் ஜூன் வரை குறைத்து மற்ற மாதங்களில் கூட்டிப் போடச் சொல்லுங்கள். பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்று மானியம் வைத்திருந்தார்கள். எந்த மானியமாக இருந்தாலும் அது வந்தால் கடனைக் குறைக்கட்டும். வரும் என்று நம்பி நடைமுறைப் பணத்தைக் கட்டடத்தில் போட்டால் அறை முடியும்போது அறையில் வைக்கச் சரக்கு வாங்கப் பணம் இருக்காது. முதல் வருடம் வாடகை அறை எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டுவது இன்னும் நல்லது.

தங்க நகைக் கடன் வேகமானது, பத்து இருபது நாள் இடைவெளிக்கு உதவும். நகை வீட்டுப் பெண்களுடையது, கடன் நிறுவனத்துடையது என்பதை மறக்காமல், நிறுவனக் கணக்கில் அவர்கள் பெயரில் வரவு வைத்துத் திருப்ப வேண்டும். கந்துவட்டி, மீட்டர் வட்டி பக்கம் போகவே கூடாது. 2003-இலிருந்தே அதற்குத் தடைச் சட்டம் இருக்கிறது.

இந்த நிறுவனம் என்னிடம் கேட்டால்

நாள் கணக்கைச் சுருக்கி 15 லட்சம். கேஷ் கிரெடிட்டில் கூடுதலாக 25 லட்சம், சீசன் லிமிட்டோடு. வாங்குகிறவர் டிரெட்ஸில் இருந்தால் அவருடைய பில்களை அங்கே கொடுத்துக் கேஷ் கிரெடிட்டை இன்னும் குறைக்கலாம். முன்பணம் ஒரு ஆர்டருக்கு மேல் ஓடக் கூடாது. சொந்தப் பங்கு 36 லட்சத்தை எட்டவில்லை என்றால், லிமிட் கேட்கும் முன் பங்குதாரரைத் தேட வேண்டும். சொந்தப் பணம் மெலிந்த நிறுவனம் கடனை மட்டும் கூட்டினால் முதல் நீண்ட வேலைநிறுத்தத்திலேயே தடுமாறும். மாதச் சம்பளம், மின்கட்டணம், தவணை எல்லாம் சேர்ந்து 4 லட்சம் என்றால், மூன்று மாதத்துக்கு 12 லட்சம் தனி வைப்பில் இருக்கட்டும்.

இதே ஆர்டர் ஒரே ஒரு ஏற்றுமதியாளரிடமிருந்து, ஒரே ஒரு சீசனுக்கு மட்டும் என்றால் என் பதில் மாறும். அப்போது லிமிட்டைக் கூட்ட மாட்டேன். அவரிடமே ஆர்டருக்கு உட்பட்ட முன்பணம் வாங்கி, அந்த சீசனோடு கணக்கை முடிக்கச் சொல்வேன்.

வங்கியில் லிமிட் கூட்டும் மனு பிப்ரவரிக்குள் போக வேண்டும். தணிக்கை செய்த பழைய இரண்டு வருடக் கணக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன், உதயம் சான்று, ஆர்டர் நகல், மாதவாரிப் பணவரவுத் தாள் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். மார்ச் மாதத்தில் கிளை முழுவதும் ஆண்டுக் கணக்கில் மூழ்கியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஆய்வுக்கு வருகிற அதிகாரி காலி அறையைத்தான் பார்ப்பார். அறை நிறையச் சரக்கும் சதை எடுக்கும் மேசைகளில் ஆட்களும் இருக்கும் நாளில் அவர் வந்து பார்க்கட்டும்.